சொல் விளக்கம்: சப்ளிமெண்ட்

மருந்துக்கடையில் "அம்மாவுக்கு சப்ளிமெண்ட் ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் கால்சியம் மாத்திரையும் வரலாம், வைட்டமின் டி பொட்டலமும் வரலாம், புரத மாவு டப்பாவும் வரலாம். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இருக்கும் வீடுகளில் இது தினமும் புழங்கும் சொல்.

லத்தீன் மொழியில் 'சப்ளேரே' என்றால் குறைந்துபோனதை நிரப்புவது. அதிலிருந்து வந்தது 'சப்ளிமெண்டும்'. போரில் ஆள் குறைந்த படைப்பிரிவுக்குச் சேர்த்து அனுப்பிய புதுவீரர்களை ரோமர்கள் இப்படிச் சொன்னார்கள். படையில் ஆள் முழுதாக இருந்தால் சப்ளிமெண்டுக்கு வேலையே இல்லை. இன்றைய விளம்பரங்கள் சௌகரியமாக மறந்துவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

இந்தியாவில் 2016-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் 'ஹெல்த் சப்ளிமெண்ட்' என்பதை உணவு வகையில் சேர்த்தன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று டப்பாவில் அச்சிட்டாக வேண்டும். அது எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இடத்துக்கு இடம் வேறு சொல் இருக்கிறது. பள்ளியில் துணைத்தேர்வு, நாளிதழில் இணைப்பு, கணக்குப் பாடத்தில் 180 பாகைக்கு மிகைநிரப்புக் கோணம், இலங்கை நாடாளுமன்றத்தில் குறைநிரப்பு மதிப்பீடு. மாத்திரை டப்பாவுக்குத் 'துணை உணவு', 'இணை உணவு' என்றெல்லாம் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இணை உணவு என்றால் அங்கன்வாடியில் தரும் சத்துமாவு. 'கூடுதல் ஊட்டம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கூடக்கூட நல்லது என்ற நினைப்பைக் கொடுத்துவிடும். பேச்சில் 'சத்து மாத்திரை' நிலைத்துவிட்டது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் சொன்னால் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை என்றுதான் நினைப்பார்கள். என் தேர்வு 'குறைநிரப்பி'. குறை என்ன என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது, எலும்பு தேய்வது வேகமாகிறது. அதனால் 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. இது உணவையும் சேர்த்த கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம், 200 மில்லி பாலில் 240 போல. கீரை, மோர், எள்ளும் உண்டு. இவை போக மிச்சம்தான் குறை, அதற்குத்தான் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படித்தால் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று இருக்கும். அதில் உடலுக்கு உதவும் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

குறை பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. தினம் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி கொஞ்சம் கூடியது. இடுப்பெலும்பு முறிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. வைட்டமின் டி-யிலும் கவனம் தேவை: 60,000 யூனிட் பொட்டலத்தை மருத்துவர் பெரும்பாலும் வாரம் ஒன்று என்றுதான் எழுதுவார். தினமும் ஒன்று போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகும்.

அப்புறம், டப்பாக்களில் கூடவே வரும் இன்னொரு சொல் 'மெட்டபாலிசம்', அதாவது உணவை உடல் சக்தியாகவும் திசுக்களாகவும் மாற்றும் வேலை. கிரேக்கத்தில் 'மெட்டபோலே' என்றால் மாற்றம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வளர்சிதை மாற்றம், இலங்கையில் அனுசேபம். வளர்வதும் சிதைவதும் ஒரே சொல்லில் வந்துவிடுவதால் மூலத்தைவிடத் தமிழாக்கமே தெளிவு என்பேன். வயதானால் இது மந்தமாவதற்குத் தசை குறைவது ஒரு பெரிய காரணம். அதற்குப் பருப்பு, முட்டை, மீன், கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி எல்லாம் வேண்டும். 'மெட்டபாலிசத்தைத் தூண்டும்' மாத்திரை தசையைத் தராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அங்கே குறைநிரப்பிக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

எழுதும்போது முதல் இடத்தில் 'உணவுக் குறைநிரப்பி' என்று முழுதாக எழுதுங்கள், பிறகு 'குறைநிரப்பி' போதும். கடையில் கேட்கும்போது சப்ளிமெண்ட் என்றே கேட்கலாம், ஆனால் எந்தச் சத்து, எத்தனை மில்லிகிராம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.