ட்ரைக்கோபோத்ரியா: சிலந்தியின்ர காலில நிக்கிற குழிமயிர்

ட்ரைக்கோபோத்ரியா எண்ட சொல்லை முதல் உடைச்சுப் பாப்பம். கிரேக்கத்தில த்ரிக்ஸ் எண்டா மயிர், அது இன்னொரு சொல்லோட சேரேக்க ட்ரைக்கோ எண்டு மாறும், போத்ரியோன் எண்டா சின்னக் குழி. ஒண்டு மட்டும் எண்டா ட்ரைக்கோபோத்ரியம், கனக்க எண்டா ட்ரைக்கோபோத்ரியா. சிலந்தியின்ர காலில குழிக்குள்ள நட்டு வச்ச மாதிரி நிக்கிற ஒரு வகை மெல்லிய மயிருக்குத்தான் இந்தப் பேர். காத்து எந்தப் பக்கத்தால அசையுது, என்ன வேகத்தில அசையுது எண்டதைச் சிலந்திக்குச் சொல்லுறது இதுதான். இதுக்குத் தமிழில குழிமயிர் எண்டு சொல்லலாம், அதுதான் சரியான சொல் எண்டது என்ர எண்ணம். ஏன் உணர்மயிர் எண்டு சொல்லிப்போட்டு விடேலாது எண்டதைத்தான் கொஞ்சம் விரிவாச் சொல்லப்போறன்.

சிலந்தி எண்ட சொல்லைப் பற்றி ரெண்டு வரி. சங்கப் பாட்டுகளில இது சிலம்பி எண்டு வரும். சிலந்தி எண்டா புண், கட்டி எண்டும் ஒரு பொருள் இருக்கு, பழைய ஆக்கள் சொல்லுற நரம்புச் சிலந்தி எண்டது ஒரு புழுவால வாற வருத்தம், எட்டுக்கால் சிலந்திக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வலை கட்டாமல் சுவரிலயும் இலையிலயும் பாய்ஞ்சு ஈ பிடிக்கிற சின்னச் சிலந்திக்கு ஈப்புலி எண்டு ஒரு அருமையான பேர் எங்களிட்ட இருக்கு, இப்ப அதைச் சொல்லுற ஆக்கள் குறைஞ்சு போச்சினம், அது எனக்குக் கவலைதான்.

சரி, மயிருக்கு வருவம். சிலந்தியின்ர காலைப் பூதக்கண்ணாடியால பாத்தீங்கள் எண்டா முழுக்க மயிர்தான், ஆனா எல்லாம் ஒண்டில்லை. முக்கால்வாசி மயிர் தொடுகைக்கு, எதிலயும் முட்டினாச் சொல்லும். கால் நுனியில இருக்கிற சில மயிர் ருசி பாக்கிறது, அதின்ர நுனியில ஓட்டை இருக்கும், சிலந்தி நடந்து போற இடமெல்லாம் காலாலயே ருசி பாத்துக்கொண்டு போகுது எண்டு சொல்லலாம், ஆண் சிலந்தி பெண் விட்டுட்டுப் போன நூலைக் கண்டுபிடிக்கிறதும் இப்பிடித்தான். இந்த எல்லா மயிரும் உணர்மயிர்தான். அப்ப ட்ரைக்கோபோத்ரியத்துக்கு மட்டும் உணர்மயிர் எண்டு பேர் வச்சா மற்றதையெல்லாம் என்னெண்டு சொல்லுறது? பயோ படிக்கிற பிள்ளை ஒண்டு கேட்டா நாங்கள் முழிக்க வேண்டியதுதான்.

குழிமயிரை மற்ற மயிரில இருந்து பிரிச்சுக் காட்டுறது அந்தக் குழிதான். மற்ற மயிர் தோலில இறுக்கமா நிக்கும், இது உரலுக்க விட்ட உலக்கை மாதிரி, அடி மட்டும் ஒரு மெல்லிய சவ்வில பிடிச்சிருக்க மிச்சம் தொளதொளவெண்டு நிக்கும். அதால மிகச் சின்னக் காத்துக்கும் சாயும், சாய்ஞ்ச உடன அடியில இருக்கிற நரம்புக் கலங்களுக்குச் சேதி போகும். வியன்னாப் பல்கலைக்கழகத்தில ஃபிரீட்ரிக் பார்த் எண்டவர் மத்திய அமெரிக்காவில இருக்கிற குப்பியேன்னியஸ் எண்ட அலைஞ்சு திரியிற சிலந்தியை வச்சுக் கனகாலம் ஆராய்ச்சி செய்தவர். அந்தச் சிலந்தியின்ர ஒரு காலில மட்டும் கிட்டத்தட்ட 100 குழிமயிர், நீளம் 0.1 மில்லிமீற்றரில இருந்து 1.4 மில்லிமீற்றர் வரைக்கும். நீளம் வேற வேறயா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு, நெடுத்த மயிர் மெதுவா அசையிற காத்துக்கு நல்லா ஆடும், கட்டை மயிர் படபடவெண்டு அடிக்கிற காத்துக்கு ஆடும், ஆக எந்த மயிர் ஆடுது எண்டதை வச்சே வந்தது என்ன எண்டு பிரிக்கலாம். ஒரு மயிரை அசைக்கத் தேவைப்படுற சக்தி பச்சை ஒளியின்ர ஒரே ஒரு ஒளித்துகளில இருக்கிற சக்தியிலும் குறைவு எண்டு கணக்குப் போட்டிருக்கினம். நான் இதை வாசிச்ச அண்டைக்கு ரெண்டு தரம் திருப்பி வாசிச்சனான்.

இதைக் காட்டில தேடிப் போகத் தேவையில்லை, வீட்டுச் சுவரிலயே பாக்கலாம். மழை வாற காலத்தில லைட்டுக்குப் பூச்சி வரேக்க, சுவரில தட்டையா ஒட்டிக்கொண்டு நிக்குமே பெரிய மண்ணிறச் சிலந்தி, வலை கட்டாது, அதைக் கொஞ்ச நேரம் பாருங்கோ. ஃபேன் காத்து அடிச்சுக்கொண்டே இருக்கும், அது அசையாது. ஒரு விட்டில் பூச்சி பக்கத்தில செட்டை அடிச்ச உடன முன்னங்கால் ரெண்டும் அந்தப் பக்கம் திரும்பும், பூச்சி இன்னும் கிட்ட வந்தா ஒரே பாய்ச்சல்தான். ஒரே சீரா வாற காத்து வேற, செட்டை அடிக்கேக்க துண்டு துண்டாச் சிதறி வாற காத்து வேற, குழிமயிர் இந்த ரெண்டாவதுக்குத்தான் நல்லா முழிச்சுக்கொள்ளும். குப்பியேன்னியஸ் கிட்டத்தட்ட ஒரு சாண் தூரத்தில பறக்கிற ஈயையே இப்பிடி அறிஞ்சு பாய்ஞ்சு பிடிக்கும், இருட்டிலயும்.

1883 ஆம் ஆண்டு ஃபிரீட்ரிக் டால் எண்ட ஜெர்மன்காரர் இந்த மயிரைப் பற்றி எழுதேக்க கேட்கிற மயிர் எண்டுதான் பேர் வச்சவர். தமிழிலயும் சிலர் கேள்மயிர், செவிமயிர் எண்டு சொல்லலாம் எண்டுவினம். டால் ஐயா முழுக்கப் பிழையில்லை. 2016 இல கோர்னெல் பல்கலைக்கழகக்காரர் ஒரு ஈப்புலியை வச்சுப் பாத்தவை, 3 மீற்றருக்கு அங்கால இருந்து வாற சத்தத்துக்கும் அதின்ர மூளையில பதில் வந்தது, 80 ஹேர்ட்ஸ் அளவில இருக்கிற தாழ்ந்த சத்தத்துக்கு அப்பிடியே உறைஞ்சு நிண்டுது, அதைப் பிடிச்சுக்கொண்டு போற குளவியின்ர செட்டைச் சத்தம் இந்த மாதிரித் தாழ்ந்த சத்தம்தான். காலில இருக்கிற மயிர்தான் அதுக்குக் காது எண்டு அவை சொல்லுகினம்.

ஆனா சிலந்திக்குக் கேட்கிறது மயிரால மட்டும் இல்லை. தோலில, கால் மூட்டுக்குக் கிட்டக் கிட்ட, நுண்ணிய வெடிப்புகள் இருக்கு, குப்பியேன்னியஸின்ர உடம்பில இப்பிடி 3000க்கு மேல. இதைக் கீற்றுணரி எண்டு சொல்லலாம். கால் அமத்துப்பட்டா, நூல் அதிர்ந்தா, அந்த வெடிப்பு மெல்ல நெரிபடும், அதில இருந்து நரம்புக்குச் சேதி. கன கீற்று பக்கத்துப் பக்கத்தில யாழ் நரம்பு மாதிரி அடுக்கா வந்தா அதுக்கு லைரிஃபோர்ம் உறுப்பு எண்டு பேர், லைரா எண்டா கிரேக்க யாழ், அதால தமிழில யாழுறுப்பு எண்டு தயங்காமல் சொல்லலாம், எங்கட ஆக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமோ தெரியேல்லை. கிளுவை வேலியில வட்டவலை கட்டிப்போட்டு நடுவில காலை விரிச்சுக்கொண்டு இருக்கிற சிலந்தி இந்த யாழுறுப்பைத்தான் நம்பி இருக்குது. காஞ்ச இலை ஒண்டு விழுந்தா நூலைக் காலால ரெண்டு தரம் இழுத்துப் பாக்கும், பதிலுக்கு ஒண்டும் துடிக்காட்டி பேசாமல் இருக்கும், இல்லாட்டிப் போய் அறுத்து விழுத்திவிடும். ஈ விழுந்து துடிச்சா ஒரு நொடியும் பிந்தாது, நேர அந்தப் பக்கம் ஓடும். 2022 இல வந்த இன்னொரு ஆராய்ச்சியில வட்டவலை கட்டுற சிலந்தி ஒண்டு முழு வலையையுமே காதாப் பாவிக்குது எண்டு காட்டினவை, அந்த வலையின்ர பரப்பு சிலந்தியின்ர உடம்பைவிட 10,000 மடங்கு வரைக்கும் பெரிசு. ஆக மயிர் ஒண்டுக்கு மட்டும் செவி எண்டு பட்டம் கட்டினா கீற்றுக்கும் வலைக்கும் அநியாயம், மயிருக்கும் பாதி வேலையை மறைச்ச மாதிரி.

எங்கட வன்னிக்கு இந்த விசயத்தில ஒரு தனி இடம் இருக்கு. ஏ9 றோட்டில இருக்கிற மாங்குளத்துப் பக்கம் 2009 இல கிடைச்ச ஒரு பெரிய மரச்சிலந்தியைப் பாத்துத்தான் ஆய்வாளர் தேடத் தொடங்கினவை, 2012 கடைசியில அதுக்குப் பொயிசிலோதீரியா ராஜேயி எண்டு பேர் வச்சவை, தங்களோட சேர்ந்து காடு திரிஞ்ச ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டரின்ர பேரை வச்சு. காலை விரிச்சா 20 சென்ரிமீற்றர் வரும். எங்கட ஆக்கள் புலிமுகச் சிலந்தி எண்டு சொல்லுற கூட்டத்தைச் சேர்ந்தது. எட்டுக் கண் இருந்தும் பார்வை பெரிசா இல்லாத சாதி, பெரிய மரத்துப் பொந்துக்க பகல் முழுக்க இருந்துட்டு இரவில வாசலில வந்து நிக்கும், பிறகு மரப்பட்டை அதிர்றதையும் குழிமயிர் ஆடுறதையும் வச்சுத்தான் எல்லாம். பெரிய பாலையும் வீரையும் தறிபட்டுப் போனா அதுக்கு இருக்க இடமில்லை, அதாலதான் பழைய கட்டிடங்களுக்க வருது. கண்டா அடிக்காதேங்கோ, கையையும் விடாதேங்கோ, கடிச்சா நல்ல நோ இருக்கும், ஒரு போத்தலாலயோ வாளியாலயோ மூடி எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில விடலாம்.

மயிர் எண்ட சொல் சிலருக்கு உறுத்தும், குழிமுடி எண்டு மாத்தலாமே எண்டு கேட்டவை இருக்கினம். வேண்டாம். எங்கட பாடப்புத்தகத்தில வேர்மயிர் இருக்கு, மயிர்த்துளைக்குழாய் இருக்கு, சலூனுக்குப் போய்த் தலைமயிர் வெட்டுறம் எண்டுதான் நாங்கள் கதைக்கிறனாங்கள். தமிழ்நாட்டில வேர்த்தூவி எண்டுவினம், அதுவும் வடிவான சொல், அங்கத்தைய பிள்ளையளுக்குக் குழித்தூவி எண்டு எழுதினாலும் குழி போகாமல் இருந்தாச் சரி.

குழியை விடாமல் பிடிக்கச் சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2018 இல இங்கிலாந்தில பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில சின்னச் சிலந்திகளை மின்புலத்துக்குள்ள விட்டுப் பாத்தவை. காத்தே இல்லாத பெட்டிக்குள்ள, மின்புலத்தைப் போட்ட உடன அதுகள் கால் நுனியில எழும்பி நிண்டு நூல் விட்டுப் பறக்க வெளிக்கிட்டுதுகள், அந்த நேரம் குழிமயிரும் ஆடினதைக் கண்டவை. அப்ப இதைக் காத்துமயிர் எண்டு சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் இண்டைக்கு முறிஞ்சிருக்கும். வேலையை வச்சுப் பேர் வச்சா புது வேலை ஒண்டு தெரிய வரேக்க பேர் மாறும், ஆனா மயிர் குழிக்குள்ளதான் நிக்குது எண்டது மாறாது. தேளுக்கும் இது இருக்கு, முன்னால இருக்கிற இடுக்கிக் கைகளில எத்தினை குழிமயிர் எங்கெங்க நிக்குது எண்டதை வச்சுத்தான் தேள் இனங்களையே பிரிக்கினம். கரப்பொத்தானின்ர பின்பக்கத்து வால் மாதிரி ரெண்டிலயும் இதே மாதிரிக் காத்தறியிற மயிர் இருக்கு, செருப்பு ஓங்கேக்க வாற காத்திலயே அது ஓடித் தப்புறது அதாலதான்.