கெல்டிக்கா, செல்டிக்கா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1887-இல் தொடங்கிய கால்பந்து அணியின் பெயர் செல்டிக் (Celtic). அமெரிக்காவின் பாஸ்டன் கூடைப்பந்து அணியும் செல்டிக்ஸ்தான். ஆனால் மொழியியல் வகுப்பில் அதே எழுத்துகளைப் பார்த்து யாராவது செல்டிக் என்று படித்தால், பேராசிரியர் ‘கெல்டிக்’ என்று திருத்துவார். இரண்டுமே சரி. ஒரு சொல்லுக்கு இப்படி இரண்டு வாய் எப்படி வந்தது என்பதற்கான விடை நம் நாக்கில் இருக்கிறது.

முதலில் ‘கா’ என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் ‘கீ’. இரண்டிலும் இருப்பது க் ஒலிதான். ஆனால் ‘கா’வுக்கு நாக்கின் பின்பகுதி உள்ளே தள்ளி மேலண்ணத்தைத் தொடுகிறது, ‘கீ’க்கு அந்த இடம் சற்று முன்னால் வந்துவிடுகிறது. அடுத்து வரும் இ, எ போன்ற உயிர்களுக்கு நாக்கு முன்கூட்டியே தயாராவதால் வரும் நகர்வு இது. தலைமுறை தலைமுறையாக இந்த நகர்வு கூடிக்கொண்டே போனால் க் ஒலி ‘ச்’சாகி, சில மொழிகளில் ‘ஸ்’ஸாகவும் தேய்ந்துவிடும். லத்தீனில் அதுதான் நடந்தது. ஜூலியஸ் சீசர் காலத்தில் நூறு என்பது ‘கென்டும்’. அது இத்தாலியனில் ‘சென்டோ’ ஆனது, பிரெஞ்சில் ‘ஸான்’ ஆனது. சீசரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம்: மாற்றம் வருவதற்கு முன்பே கடன் வாங்கிய ஜெர்மானியர்களிடம் அது இன்றும் ‘கைசர்’.

பண்டைய ஐரோப்பாவின் ஒரு மக்கள் கூட்டத்தைக் கிரேக்கர்கள் ‘கெல்டோய்’ என்றும் ரோமானியர்கள் ‘கெல்டே’ என்றும் சொன்ன பெயர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘செல்ட்’ ஆகியிருந்தது. பிற்பாடு மூலமொழி பார்த்த அறிஞர்கள் பழைய க-வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விளையாட்டு ரசிகர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்த மாற்றம் நமக்குப் புதிதல்ல. ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் செவி ‘கிவி’ ஆகிறது, சிறியது ‘கிரிய’ ஆகிறது, சிவப்பு ‘கெம்பு’ ஆகிறது. கன்னடம் பழைய க-வை வைத்திருக்கிறது. தமிழ் அதைச் ச-வாக்கிவிட்டது. சரி, அப்படியானால் கிளி, கிழவன், கேள், கெடு எல்லாம் ஏன் மாறவில்லை? அந்த உயிருக்கு அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாவை மடக்கிச் சொல்லும் எழுத்து வந்தால், முன்னால் போகவிருந்த நாக்கு பின்வாங்கிவிடுகிறது. சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் விதி உறுதியானது. கெல்ட் என்பதில் வருவது சாதாரண ல. அது பழந்தமிழ்ச் சொல்லாக இருந்திருந்தால் நாமும் ‘செல்ட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்! தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையிலான இந்த க-ச உறவைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் கால்டுவெல். அவர் பிறந்த ஊர் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் இருக்கிறது.

உச்சரிப்பு இருக்கட்டும். யார் இந்த கெல்ட்டுகள்? கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், டான்யூப் நதி தோன்றும் பகுதியில் அவர்களை வைக்கிறார். இன்றைய பிரான்சின் நடுப்பகுதி மக்கள் தங்கள் மொழியில் தங்களைக் கெல்ட்டுகள் என்று சொல்லிக்கொள்வதாகச் சீசர் எழுதுகிறார். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரிவினர் துருக்கிவரை போய்க் குடியேறினார்கள். தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு அவர்கள் பெயர் பழக்கமானது: பவுல் நிருபம் எழுதிய கலாத்தியரின் நாடு அவர்கள் பெயரைத்தான் தாங்கியது. வேடிக்கை என்னவென்றால், இன்று கெல்டிக் என்றதும் நினைவுக்கு வரும் அயர்லாந்து, பிரிட்டன் மக்களைப் பண்டைய எழுத்தாளர் எவரும் அந்தப் பெயரால் அழைக்கவில்லை.

அந்த முடிச்சைப் போட்டது மொழி ஆராய்ச்சி. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் லூய்ட் என்ற வேல்ஸ்காரர் வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வால், பிரான்சின் வடமேற்கு மூலையான பிரிட்டனி எல்லாம் அலைந்து சொற்களைத் திரட்டி, 1707-இல் புத்தகமாக வெளியிட்டார். இந்த மொழிகளும் சீசர் காலத்துப் பிரான்சின் மொழியும் உறவு என்றார். அதன்பிறகுதான் கெல்டிக் என்பது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைத்தது. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் என்று ஆறு மொழிகள் இன்று அதில் இருக்கின்றன.

ஒரு மொழி கெல்டிக்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? காணாமல்போன ஒரு ப-வை வைத்து. கெல்டிக்குக்குத் தூரத்து உறவான சமஸ்கிருதத்தில் பிதா, இன்னொரு உறவான லத்தீனில் ‘பாட்டர்’. ஐரிஷில் ப இல்லாமல் ‘அஹர்’. முழுமைக்குச் சமஸ்கிருதத்தில் பூர்ண, லத்தீனில் ‘பிளேனுஸ்’, ஐரிஷில் வெறும் ‘லான்’. உதடுகள் இறுக மூடாமல் தளர்ந்தால் ப வெறும் காற்றாகிவிடும். காற்றும் அடங்கினால் எதுவும் மிஞ்சாது. இதிலும் கன்னடம் பாதி வழி போயிருக்கிறது: நம் பால் அங்கே ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’. பேச்சுவழக்கில் அந்த ஹ-வையும் விழுங்கி ‘ஆலு’ என்பவர்கள் உண்டு.

ப-வைத் தொலைத்த குடும்பத்தில் ஒரு கிளை அதை வேறு வழியில் திரும்பச் சம்பாதித்தது. ‘க்வ’ என்ற ஒலியில் நாக்கும் உதடும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஐரிஷ்காரர்கள் நாக்கின் வேலையை வைத்துக்கொண்டார்கள், வெல்ஷ்காரர்கள் உதட்டின் வேலையை. அதனால் மகன் ஐரிஷில் ‘மாக்’, வெல்ஷில் ‘மாப்’. தலை ஐரிஷில் க-வில் தொடங்குகிறது, வெல்ஷில் ‘பென்’. மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். வேல்ஸில் ‘ரீஸின் மகன்’ என்று பொருள்படும் ‘அப் ரீஸ்’ ஒட்டிக்கொண்டு ‘ப்ரைஸ்’ ஆனது. பவல் என்ற பெயரும் இப்படி வந்ததுதான். கிறிஸ்தவம் அயர்லாந்துக்கு வந்த காலத்தில் அங்கே ப ஒலியே கிடையாது. ஈஸ்டரைக் குறிக்கும் லத்தீன் ‘பாஸ்கா’வை அவர்கள் க போட்டு வாங்கினார்கள், இன்றும் அது ‘காஷ்க்’.

பேச்சுவழக்கிலோ கெல்டிக் என்ற சொல் மொழியைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. முடிச்சு முடிச்சாகப் பச்சை குத்துவது, வட்டம் சூழ்ந்த சிலுவை, பிடில் இசை எல்லாமே கெல்டிக். அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள கெல்டிக் கடல் பழம்பெயர்போல ஒலிக்கும். அது 1921-இல் டப்ளினில் மீன்வள அறிஞர்கள் கூடியபோது முன்வைக்கப்பட்ட பெயர். ‘கெல்டிக் ரத்தம்’ என்ற பேச்சுதான் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாதது. பிரிட்டனின் கிராமப்புறங்களில் சுமார் 2,000 பேரின் மரபணுக்களை அலசி 2015-இல் வெளியான ஆய்வு, கெல்டிக் பகுதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே மரபணுக் கூட்டம் எதையும் காணவில்லை. வேல்ஸின் வடக்கும் தெற்குமே தனித்தனியாகப் பிரிந்தன. கார்னிஷ் மொழி வெல்ஷுக்கு உடன்பிறப்பு. கார்ன்வால் மக்களின் மரபணுவோ வேல்ஸைவிட இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளுக்குத்தான் நெருக்கம்.