ஒளியை முந்திக்கொண்டு வந்த நியூட்ரினோக்கள்

பால்வீதிக்குள் வெடித்து வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த கடைசி சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, 1604-இல் தோன்றியது. கலிலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து. ஆகவே, நட்சத்திரம் எப்படி வெடிக்கிறது என்பதை நவீனக் கருவிகளால் அருகிலிருந்து பார்க்க நமக்கு வாய்த்தவை பக்கத்து விண்மீன் மண்டலங்கள்தான்.

அங்கே தெரிந்த சூப்பர்நோவாக்களில் எஸ்என் 1987ஏ-வுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 1987 பிப்ரவரி 24 அன்று, சிலியின் லாஸ் கம்பானாஸ் ஆய்வகத்தில் இயன் ஷெல்டன் எடுத்த படத்தில், பெரிய மெகல்லன் மேகம் எனும் பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலத்துக்குள் புதிதாக ஒரு பிரகாசமான புள்ளி இருந்தது. தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டுகள். ஆனால் முதல் சேதி அதற்கு முன்பே பூமிக்கு வந்துவிட்டது. ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று இடங்களிலும் நிலத்தடியில் இருந்த கருவிகள், ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்னதாக, மொத்தம் இரண்டு டஜன் நியூட்ரினோக்களை, அதாவது மின்னூட்டமற்ற மிக நுண்ணிய துகள்களைப், பதிவு செய்திருந்தன.

ஒளியை எதுவும் முந்த முடியாதே, அப்புறம் இது எப்படி? சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் கனமான நட்சத்திரம் ஹைட்ரஜனில் தொடங்கி ஒவ்வொரு தனிமமாக இணைத்துக்கொண்டே போய், கடைசியில் இரும்பில் வந்து நிற்கும். இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. தாங்க ஆளில்லாத இரும்பு மையம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் சரிந்து, சில பத்து கிலோமீட்டர் அகல உருண்டையாக நசுங்கும். அப்போது வெளிவரும் ஆற்றலில் சுமார் 99 சதவீதத்தை நியூட்ரினோக்களே கொண்டு போகின்றன. எதனோடும் அவ்வளவாக மோதாத அவை நட்சத்திரத்தின் அடுக்குகளைத் துளைத்து உடனே வெளியேறிவிடும். சரிவில் கிளம்பும் அதிர்வலையோ அத்தனை அடுக்குகளையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மேற்பரப்பை எட்ட மணிக்கணக்கில் ஆகும். அது வந்து சேர்ந்த பிறகுதான் ஒளி கிளம்பும். காகிதத்தில் இருந்த இந்தக் கணக்கு அன்றைக்கு நேரடியாக உறுதியானது. மையத்தில் அப்படி நசுங்கிய உருண்டை, அதாவது நியூட்ரான் நட்சத்திரம், எஞ்சியிருப்பதற்கு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தந்த வலுவான சான்று 2024-இல் வெளியானது.

இன்னொரு வகை சூப்பர்நோவா, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ளன் நட்சத்திரம் முழுசாக வெடித்துச் சிதறுவது. 2014-இல் எம் 82 விண்மீன் மண்டலத்தில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில், அப்படி ஒன்று தெரிந்தது. இவ்வகை வெடிப்பில் உருவாகும் கதிரியக்க நிக்கல் கோபால்ட்டாகவும், கோபால்ட் இரும்பாகவும் சிதைவதால்தான் ஒளி வாரக்கணக்கில் நீடிக்கிறது என்று வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. காமா கதிர்களைக் கவனிக்கும் இன்டெக்ரல் விண்கலம் அந்தக் கோபால்ட்டின் காமா கதிர்களையே பிடித்துவிட்டது. வெடிப்பு பல மடங்கு தள்ளி நடந்திருந்தால் அவை கருவியில் பதிந்தே இருக்காது.