ஆயில் பிரஷர்: எண்ணெய் அழுத்தமா, அமுக்கமா?

சிறிய விமானத்தின் பிஸ்டன் எஞ்சின் உறுமத் தொடங்கியதும் விமானியின் கண் போக வேண்டிய இடம் ஆயில் பிரஷர் காட்டும் முள். 30 நொடிக்குள் அது எழாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கடுங்குளிரில் மட்டும் ஏறக்குறைய இருமடங்கு நேரம் பொறுக்கலாம்.

'ஆயில்' பிறந்தது ஒலிவத்தில். கிரேக்கத்தில் ஒலிவத்தோடு ஒட்டிய சொல் இலத்தீனுக்குப் போய் 'ஓலியம்' ஆகி, ஐரோப்பிய மொழிகளில் பரவியது. நம் எண்ணெய் எள்ளில் பிறந்தது: எள் + நெய். ஒரே ஒரு விளைபொருளின் நெய்க்கு இட்ட பெயர் மற்றெல்லா நெய்களையும் விழுங்கிவிட்ட கதை இரண்டிடத்திலும் ஒன்றுதான். மண்ணெண்ணெய் என்று சொல்லும்போது அதற்குள் ஓர் எள் கிடப்பது யாருக்கும் உறைப்பதில்லை. எஞ்சினுக்குள் ஓடுவதைப் பிரித்துச் சொல்ல மசகெண்ணெய், உயவெண்ணெய் என்று இரண்டு உண்டு. மசகு என்றாலே வண்டி அச்சில் அப்பிய கரிய பசைதான் நினைவுக்கு வருகிறது. குழாய்களில் பாய்ந்தோடும் திரவத்துக்கு உயவெண்ணெய் பொருந்தும் என்பது என் கட்சி.

பிரஷருக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அழுத்தம், இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம். மின்னழுத்தம், மன அழுத்தம் என ஏற்கெனவே பல வேலை பார்க்கும் சொல்லைவிட அமுக்கம் துல்லியமானது என்று வாதிடலாம். ஆனாலும் நான் அழுத்தத்தின் பக்கம். காரணம், 'அவர் அழுத்தக்காரர்' என்ற வழக்கு. உள்ளே இருப்பதை எளிதில் வெளியே விடாதவர் என்று பொருள். எஞ்சினில் நடப்பதும் அதுவே. பம்பு தருவது ஓட்டம் மட்டும். அந்த எண்ணெயைப் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி எளிதில் வெளியே விடாமல் தடுப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது.

முள் இறங்கினால் எங்கே தேடுவது என்பதும் இதிலிருந்தே புரியும். பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் எண்ணெய் தடையின்றி நழுவும். சூடேறி நீர்த்த எண்ணெயும் அப்படியே. எண்ணெய் மட்டம் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சினால் ஓட்டமே அறுந்துபோகும். இவற்றைவிட எளிய காரணம் ஒன்று உண்டு: மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு. லைகாமிங் நிறுவனத்தின் எஞ்சின்களில் இது ஒரு சிறு குண்டும், அது அமர்ந்து வழியை அடைக்கும் இருக்கையில் அதை அழுத்தும் சுருள்வில்லும்தான். மணலளவு கரித்துகள் ஒன்று குண்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் சிக்கினால் போதும், எண்ணெய் அந்த வழியாகவே கீழ்த்தொட்டிக்குத் திரும்பிவிடும். கழற்றித் துடைத்து மாட்டினால் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். துடைக்காமல், வில்லுக்குப் பின்னால் ஒரு வாஷரைச் செருகி முள்ளை உயர்த்துபவர்களும் இருக்கிறார்கள். தேய்ந்த பேரிங்கை அப்படி மறைப்பது காய்ச்சல்காரனின் வெப்பமானியை ஐஸில் வைப்பதற்குச் சமம். அதற்கு முன் எண்ணெய் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

முள்ளே பொய் சொல்வதும் உண்டு. ஆகவே தரையில் முதல் வேலை, நம்பகமான வேறொரு அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பது. வானில் அந்த வசதி இல்லை. பக்கத்திலிருக்கும் எண்ணெய் வெப்ப முள்தான் சாட்சி. அழுத்தம் குறைந்தும் வெப்பம் இயல்பாக இருந்தால் மானியோ வால்வோ பழுதாகியிருக்கலாம். ஆனாலும் அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும். அழுத்தம் அற்றுப்போய் வெப்பமும் ஏறினால் எஞ்சின் நிற்கப்போகிறது. விசையைக் குறைத்துக்கொண்டு இறங்க ஓர் இடம் தேட வேண்டும்.

எவ்வளவு இறங்கினால் குறைவு? செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின், லைகாமிங் எஞ்சின் பூட்டிய பழைய மாடல்களில் இயல்பு, சதுர அங்குலத்துக்கு 60 முதல் 90 பவுண்டு. எஞ்சின் சும்மா சுற்றும்போது 25 வரை இறங்கலாம்.

இந்தப் பழுதுக்கு 'தாழ் எண்ணெய் அழுத்தம்' என்ற மொழிபெயர்ப்பும் உலவுகிறது. எண்ணெய் தாழ்ந்ததா, அழுத்தம் தாழ்ந்ததா என்று தடுமாற வைக்கும் தொடர். 'எண்ணெய் அழுத்தக் குறைவு' என்றால் ஐயமில்லை. பேச்சுவழக்கில் சுருக்கிப் பதிவேட்டில் 'ஆயில் குறைவு' என்று எழுதிவைத்தால், அடுத்து வரும் மெக்கானிக் ஒரு லிட்டரை ஊற்றி மூடிவிட்டுப் போய்விடுவார்.