ஏற்றத்தில் கார் வெட்டுதா? கியர்பொக்ஸை இறக்க முதல் பிளக்கைப் பாருங்கள்

நல்ல கியர்பொக்ஸை இறக்கி, ரீகண்டிஷன் ஒன்றை வாங்கிப் பூட்டி, அதற்குப் பிறகும் கார் வெட்டி வெட்டி ஏறினால்தான் எஞ்சினுக்குள் பொறி எழுப்பும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள். மலையகத்தில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. மிதிக்கும்போது தூக்கிப் போட்டால் "கியர்பொக்ஸ் போச்சு" என்று பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள், ஓட்டோ ஸ்டாண்டிலும் சொல்கிறார்கள். கவலை என்னவென்றால், சில கராஜ்களிலும் அதையேதான் சொல்கிறார்கள்.

சில்லுக்குப் போகும் இழுவை ஒரு கணம் அறுந்து திரும்ப வந்தால் வாகனம் வெட்டும். அறுந்தது எஞ்சினிலா கியர்பொக்ஸிலா என்று உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குத் தெரியாது. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளுக்குத் தெரியும். றம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது பக்கத்தில் ஒருவரை இருத்தி, முள்ளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டும் நேரத்தில் முள் கீழே விழுந்து நடுங்கினால் அநேகமாக எஞ்சின்தான். முள் மேலே பாய்ந்தும் வேகம் கூடவில்லை என்றால் கியர்பொக்ஸ் வழுக்கலாம். 50–70 கிலோமீற்றர் வேகத்தில் இலேசாக மிதிக்கும்போது மட்டும் ஒரு நடுக்கம் வந்து, பிரேக்கைத் தொட்டவுடன் அது நின்றால் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒயிலால் இணைக்கும் டோர்க் கன்வேட்டரின் லொக்-அப் கிளச்சைச் சந்தேகியுங்கள். பின்னால் வாகனம் வராத நேர்ப்பாதையில் மட்டும் இதைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி ரெடியாக வரும்: "நியூட்ரல்ல நல்லாத்தானே ரேஸ் ஆகுது? ஹட்டன் டவுனுக்குள்ள வெட்டவே இல்லையே, ஏத்தத்துல மட்டுந்தானே வெட்டுது? அப்ப கியர்பொக்ஸ்தானே?" இல்லை. ஏற்றத்தில் ஆழமாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் அடர்த்தியாக நிரம்புகின்றன. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். பிளக்குக்கு அந்த வோல்ட்டைக் கொடுக்கும் கொயில் தளர்ந்திருந்தால் அங்கேதான் தோற்கும். அதன் ரப்பரில் கீறல் இருந்தால் மின் வெளியே கசிந்துவிடும், மழை ஈரத்தில் இன்னும் மோசம். நியூட்ரலில் சுமையே இல்லை, அதனால் ரேஸ் பண்ணிப் பார்ப்பதால் எதுவும் நிரூபணமாகாது.

முதலில் காரின் கம்ப்யூட்டரை ஸ்கேன் பண்ணுங்கள். பி0300 அல்லது பி0301, பி0302 என்று வந்தால் அது பொறி தவறும் கோட். பி0302 வந்தால் 2ஆம் சிலிண்டரின் கொயிலை 3க்கு மாற்றிப் போட்டு, கோட்டை அழித்து, மறுபடி ஏற்றத்தில் ஓட்டுங்கள். கோட் பி0303க்கு இடம் மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். பென்சிலால் கீறியதுபோல் நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், மின் அந்த வழியாகக் கசிகிறது. அந்த பிளக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டாம்.

மிதித்தவுடன் 'டங்' என்று ஒரே ஒரு உதை வந்தால் அநேகமாக எஞ்சினைத் தாங்கும் மவுண்ட். பொனட்டைத் திறந்து, சில்லுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரை 'D'யில் போட்டு இலேசாக மிதித்தால் எஞ்சின் எழும்புவது தெரியும். ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும், காருக்கு முன்னால் நிற்கவே கூடாது.

இன்னும் இரண்டைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சினின் பலமும் அந்தளவு குறையும், கியர் அடிக்கடி இறங்கத்தான் செய்யும். அடுத்தது சுசூகி எவ்ரி போன்றவற்றின் ஏஜிஎஸ். கிளச்சை மெஷின் மிதிக்கும் மேனுவல் கியர்பொக்ஸ் அது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலையாட்டுவது அதன் சுபாவம். மாறும் நேரத்தில் எக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

உண்மையிலேயே கியர்பொக்ஸ்தான் என்றாலும் முதலில் ஒயில். தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சீவிடீ கியர்பொக்ஸுக்கு, சாதாரண ஓட்டோ கியர்பொக்ஸின் சிவப்பு ஏடிஎஃப் ஒயிலை ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது! உள்ளே இரும்பு பெல்ட் கப்பியை வழுக்காமல் கவ்வுவதற்கென்றே சீவிடீ ஒயிலைத் தயாரிக்கிறார்கள். வேறு ஒயில் போனால் பெல்ட் வழுக்கும், கப்பியில் கீறல் விழும், பிறகு ஒயில் மாற்றியும் பயனில்லை. ஹொண்டாவின் பழைய சீவிடீக்கு எச்எம்எம்எஃப், புதியதற்கு எச்சிஎஃப்-2. நிசானுக்கு மொடலைப் பார்த்து என்எஸ்-2 அல்லது என்எஸ்-3. புத்தகத்தில் உள்ளதைத்தான் ஊற்ற வேண்டும், கடையில் இருப்பதை அல்ல.

கியர்பொக்ஸின் அடியில் ஒயில் வடிக்கும் நட்டைக் கழற்றினால் பாதியளவு ஒயில்தான் வடியும், மிச்சம் கன்வேட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே வடித்து, நிரப்பி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி வடியுங்கள். பல வருஷம் மாற்றாத பெட்டியில் மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் பண்ணாதீர்கள். வடித்தவுடன் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை சாதாரணம், ஊசி போன்ற துண்டு இருந்தால்தான் பெட்டியை இறக்கும் பேச்சு. லெவல் பார்ப்பது சமதரையில், தயாரிப்பாளர் சொன்ன சூட்டில். நம் கராஜ்களில் பாதிக்குத் தரையே சரிவு, அதில் நிறுத்திப் பார்த்த லெவல் பொய் சொல்லும். மலையில் ஓடும் வண்டிக்கு ஒயில் மாற்றுவதை 40,000 கிலோமீற்றருக்கு மேல் இழுத்தடிக்க வேண்டாம்.

தயவுசெய்து இன்னொன்று. கடுகண்ணாவ ஏற்றத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது எக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். இரட்டைக் கிளச் உள்ள ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்களில் அது காய்ந்த கிளச், ஒயில் குளிர்ச்சி இல்லை. சூடேறிக் கருகினால் ஒயில் மாற்றியும் சரிவராது. பிரேக்கைப் பிடியுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் முன்சில்லு இழுவை உள்ள சீவிடீ காரைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். முன்சில்லுகளைத் தூக்கி ஏற்றும் வண்டியை வரவழையுங்கள். எஞ்சின் நிற்கும்போது ஒயில் பம்பும் நிற்கும். மிச்சமிருக்கும் நல்ல பெட்டியும் அந்த இழுவையில்தான் போகும்.