மூச்சு முட்டாமலே தீர்ந்துபோகும் ஆக்சிஜன்

நைட்ரஸ் ஆக்சைடு நிரம்பிய குடுவைக்குள் தணல் அணையாத குச்சியை நுழைத்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். தணலின் சூட்டில் அந்த மூலக்கூறு உடைந்து ஆக்சிஜன் வெளிவருவதுதான் காரணம். நம் உடலின் 37 டிகிரிச் சூட்டில் அது உடையாது. நெருப்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நுரையீரலுக்குக் கிடைப்பதில்லை.

சிரிப்பூட்டும் வாயு என்பது இதுதான். 1844-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் இதைச் சுவாசித்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார், வலி தெரியவில்லை. இன்றும் பல் சிகிச்சையில் இது நல்ல மருந்து. ஆனால் அங்கே கூடவே குறைந்தது 30 சதவீதம் ஆக்சிஜன் போகும்படி இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 21 சதவீதம்தான். போதைக்காக உறிஞ்சுபவருக்குப் போவதோ எதுவும் கலக்காத வாயு.

ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டும், உடனே நிறுத்திவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உயிரை எடுக்கும் நம்பிக்கை இது. மூச்சை அடக்கும்போது நெஞ்சு தவிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதால். நைட்ரஸ் ஆக்சைடை இழுத்து விடும்போதும் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், தவிப்பு வராது. போதாததற்கு, தடுமாற்றத்தை உணரவேண்டிய மூளையை வாயுவே மயக்கி வைத்திருக்கிறது.

சரி, ஒரு நிமிடம் மூச்சடக்க முடிகிறவர் ஒரு நிமிடம் தாங்குவாரா? மாட்டார். மூச்சை அடக்கும்போது நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆக்சிஜனே இல்லாத வாயு நுரையீரலை நிரப்பினால் ஓட்டம் தலைகீழாகிவிடும்: ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் நுரையீரலுக்குத் திரும்பி, வெளிவிடும் மூச்சோடு போய்விடும். அரை நிமிடத்துக்குள் நினைவு தப்பலாம். முகமூடியோ பையோ முகத்தில் இருக்கும்போது நினைவு தப்பினால், அதை விலக்கக் கை எழாது. அப்புறம் சில நிமிடங்களில் மூளை செல்கள் சாகத் தொடங்கும்.

மூடிய அறையில் ஒருவர் இப்படி விழுந்து கிடந்தால், முதலில் கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் வரவையுங்கள். காப்பாற்றப் போனவரும் அதே வாயுவில் விழக்கூடும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும்.

அடிக்கடி உறிஞ்சுபவருக்கு இன்னொரு கேடும் உண்டு. இந்த வாயு வைட்டமின் பி12-இல் உள்ள கோபால்ட் அணுவை ஆக்சிஜனேற்றம் செய்து, வைட்டமினை வேலைக்கு உதவாததாக்கிவிடுகிறது. நரம்புகளுக்கு மின்கம்பியின் உறைபோல் இருக்கும் மயலின், பி12 இல்லாமல் சிதையும். முதலில் கால்விரல்கள் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும், தண்டுவடமே பாதிக்கப்படும். ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு சரியாகவே தெரியலாம், ஏனென்றால் வைட்டமின் இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. அதனால் மரத்துப்போகிறது என்று மருத்துவரிடம் போகிறவர், வாயுவை உறிஞ்சியதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதை நிறுத்திவிட்டு பி12 ஊசியைச் சீக்கிரம் தொடங்கினால் பலர் தேறிவிடுகிறார்கள். தாமதித்தால் தள்ளாட்டம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.