பழக் கழிவா, பழச் சக்கையா?

‘பழக் கழிவிலிருந்து சத்தான நொறுக்குத்தீனி’ என்ற தலைப்பு இன்னொரு முறை கண்ணில் பட்டது. கழிவுநீர், கழிவறை என்று நாள்தோறும் புழங்கும் சொல்லை எடுத்துத் தட்டில் வைத்தால் யார் கை நீட்டுவார்கள்?

பழச்சாறு பிழிந்தபின் எஞ்சும் தோல், சதைநார், விதை ஆகியவற்றின் கலவைக்கு ஆங்கிலத்தில் பொமேஸ் என்று பெயர். பழம் என்று பொருள்படும் ‘போமும்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. முதலில் மதுவுக்காக நசுக்கிய ஆப்பிளைக் குறித்தது. பிறகு பிழிந்த எந்தப் பழத்தின் மிச்சத்துக்கும் பொதுவாயிற்று.

நம்மிடம் இதற்குச் சக்கை இருக்கிறது. கரும்பைப் பிழிந்தால் சக்கை. புளியில் கோது, அரைத்துப் பிழிந்ததில் திப்பி என்று நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லவும் தெரிந்த மொழி இது. இருந்தும் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் ‘பழக்கூழ்’ என்றும் எழுதுகிறார்கள். கூழ் என்பது சாறும் சதையும் சேர்ந்தது; சாறு போனது எப்படிக் கூழாகும்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘பழ எச்சம்’ என்கிறார்கள். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்று வள்ளுவர் ஆண்ட சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று எச்சம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பறவை எச்சம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் வேறு. பூச்சிக்கொல்லி எச்சம் என்பது ஏற்கெனவே நிலைபெற்ற வழக்கு. மருந்து தெளித்த பழங்களில் அது பெரும்பாலும் தோலில்தான் தங்கும். தோலோ சக்கையின் முக்கியப் பகுதி. ஆகவே சக்கையை உணவாக்குவதைப் பற்றி எழுதுபவர் பூச்சிக்கொல்லியைப் பேசாமல் இருக்க முடியாது. ‘பழ எச்சத்தில் உள்ள எச்சத்தின் அளவு’ என்று எழுதினால் படிப்பவர் எதை எதிலிருந்து பிரிப்பார்? மொழித் தூய்மைக்காகத் தெளிவைப் பலிகொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

சக்கை என்றால் சாரமற்றது என்ற பொருளும் உண்டே என்பார்கள். சாறு போய்விட்டது என்பது உண்மைதானே. நார்ச்சத்து போகவில்லை. ஜாமை இறுகவைக்கும் பெக்டினைப் பெரும்பாலும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் ஆரஞ்சு வகைகளின் தோலிலிருந்தும்தான் எடுக்கிறார்கள்; திராட்சையின் நிறமிகள் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. சக்கைப்போடு என்று வெற்றியைச் சொல்லும் வழக்கும் நம்முடையதே. இழிவுப் பொருள் மட்டுமே அச்சொல்லில் ஒட்டியிருக்கவில்லை.

கழிவு என்பது வேலையின் தன்மையையும் திரித்துவிடுகிறது. ஈரமான ஆப்பிள் சக்கையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். போட்டுவைத்தால் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். உணவுக்கென்றால் சுத்தமாகச் சேர்த்து, உடனே உலர்த்தி, மாவாக்க வேண்டும். ஆப்பிள் விதையில் சயனைடு தரும் அமிக்டலின் இருப்பதால் விதையை நீக்கிவிடுவது நல்லது. இத்தனை பொறுப்போடு கையாளுவதைக் கழிவு என்பது தவறு. அழுகிக் குப்பைக்குப் போனதைக் கழிவு என்று சொல்லுங்கள், சரி.

அந்த மாவைச் சோள மாவோடு கலந்து, மாவைத் துளை வழியே பிதுக்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்துத் தள்ளினால் உப்பிய நொறுக்குத்தீனி வரும். சக்கை கூடினால், மாவு உப்பும்போது உண்டாகும் குமிழிகளின் சுவரை நார் கிழித்துவிடும். தீனி உப்பாமல் கெட்டியாகும். அதனால் அளவோடுதான் சேர்க்க முடியும். மேலே சர்க்கரையைக் கொட்டிவிட்டு ‘ஆரோக்கியமானது’ என்பதும் சொல்லை வீணடிப்பதுதான்.

இதே கட்டுரைகளில், காலையில் பாலில் போட்டு உண்ணும் தானியத் தீனிக்குச் ‘சீரியல்’ என்ற ஆங்கிலப் பெயர் வேறு வருகிறது. தமிழில் அது தொலைக்காட்சித் தொடர். வெறுமனே ‘தானியங்கள்’ என்று பெயர்த்தால் மூட்டைத் தானியம் என்றாகிவிடுகிறது. காலையுணவுத் தானியத் தீனி என்று சில எழுத்து கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

என் எழுத்தில் இனி ஆப்பிள் சக்கை, திராட்சைச் சக்கை, உலர்த்தி அரைத்தால் சக்கை மாவு. பொட்டலத்தின் மேலும் அப்படியே அச்சிடலாம்.